மிருதங்கத்தில் மணல் தூவிய ராமன்

சாந்திபுரம், சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்குத் தமிழர்கள் பலர் வேலை தேடி வந்திருக்கிறார்கள். சர் சி.வி.ராமனின் குடும்பமும் இப்படித்தான் விசாகப்பட்டினத்துக்கு வந்தது.

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி திருச்சியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யருக்கு விசாகப்பட்டினம் கல்லூரியில் வேலை. அங்கு படித்த ராமன் 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

ஆபீசும் ஆராய்ச்சியும்

1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதலாவதாக வந்தார். கல்கத்தாவில் துணை அக்கவுண்டண்ட் ஜெனரல் வேலை கிடைத்தது.

பகலெல்லாம் கணக்கு ஏடுகள். ஆபீசுக்குப் போகுமுன்னும், ஆபீஸ் முடிந்த பின்னும் பவ்பஜார் தெருவில் இருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி!

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. சம்பளம் குறைவு. ஆனாலும் சர்க்கார் வேலையை ராஜினாமா செய்தார்.

சோறு செய்யும் வேலை

வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், முதல் அதிர்வைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று கிளை ஒலிகள் எழும். முழு மடங்காக இராததால் சுருதி சேராது. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேருகிறது?

1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ராமன் விடை சொன்னார். வலந்தலையின் நடுவில் உள்ள கருப்புச் சோறுதான் காரணம். அதன் கனம் கிளை ஒலிகளை 2, 3, 4, 5 மடங்காகத் திருத்துகிறது.

1934-ல் தோல்மீது மெல்லிய மணலைத் தூவிப் பார்த்தார். அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கி நின்றது. 9 வகை அதிர்வுகள் 5 ஒலிகளில் அடங்குவது தெரிந்தது.

தோராயக் கணக்கு

சோறு பூசிய தோலின் அதிர்வையும், உலோகத் தகட்டின் அதிர்வையும் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம். இதற்குச் சுலபமான வழியை இங்கிலாந்தின் ராலே பிரபு முன்பே காட்டியிருந்தார்.

தகடு எந்த வடிவில் வளையும் என்று முதலில் ஊகிக்கவேண்டும். வளைவில் சேரும் சக்தியையும், அசைவில் உள்ள சக்தியையும் சமமாக்கினால் அதிர்வெண் கிடைக்கும். ஊகத்தில் சிறு பிழை இருந்தாலும் விடை அதிகம் கெடாது.

1909-ல் சுவிட்சர்லாந்தின் ரிட்ஸ் இதை விரிவாக்கிச் சதுரத் தகட்டுக்குக் கணக்கிட்டார். 1958-ல் சரோஜினி, ரகுமான் என்ற இருவர் இந்திய மேளங்களுக்கும் இத்தகைய தோராய முறையைக் கையாண்டனர். ராமன் மணலில் கண்ட வடிவங்களைக் கணக்கும் தொட்டுவிட்டது.

ஒளி ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்ற ராமன், 1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி பெங்களூரில் காலமானார். ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய சில மணி நேரந்தான் அவர் போட்ட முதல்!