நாகரத்தினம்மாள் பதிப்பித்த நூல்

திருவையாற்றில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராசர் ஆராதனையை அறியாத தமிழ் மாணவர் நம்மிடையே இருக்கமாட்டார். அங்கே சமாதிக் கோயிலை எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் பெயரையும் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த அம்மையார் பதிப்பித்த ஒரு நூலை அரசாங்கம் ஆபாசம் என்று தடை செய்ததும், அத்தடை முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்ததும் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அந்தக் கதையையே நான் இங்குச் சொல்ல விரும்புகிறேன். எது ஆபாசம், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

1878-ஆம் ஆண்டு மைசூரைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் அவர் பிறந்தார். தந்தை கைவிட்ட குழந்தையைத் தாய் புட்டலட்சுமி வளர்த்தார். இசையும் வடமொழியும் கற்ற அவர், இளம் வயதிலேயே சென்னைக்கு வந்து பாடகியாகப் புகழும் பொருளும் ஈட்டினார்.

அவர் நல்ல படிப்பாளி. தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றைக் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு எழுதியிருந்தார். அதில் முத்துப்பழனி என்ற பெண் கவிஞரைப் பற்றிப் படித்தார் நாகரத்தினம்மாள். 18-ஆம் நூற்றாண்டில், தஞ்சையை ஆண்ட பிரதாபசிம்மரின் அரசவையில் விளங்கிய கணிகை அவர். அவருடைய ராதிகா சாந்த்வனமு 584 செய்யுட்கள் கொண்ட தெலுங்குக் காவியம். தான் வளர்த்த இளையைக் கண்ணனுக்கு மணம் முடித்துவைத்த ராதை, பிறகு பொறாமையால் வெந்து, கண்ணனால் தேற்றப்படுவதே கதை. பெண்ணின் ஆசையைப் பெண்ணே மறைக்காமல் சொல்லும் நூல் அது. பந்துலுவோ கவிஞரின் புலமையைப் போற்றிவிட்டு, அதே மூச்சில் நூலைப் பெண் வாயில் வரத்தகாதது என்று இகழ்ந்தார்.

பந்துலு சாதாரண மனிதர் அல்லர். 1881-இல் விதவை மறுமணத்தை நடத்திக்காட்டிய பெரிய சீர்திருத்தவாதி அவர். அத்தகையவரே இப்படி எழுதியதுதான் என்னை வியக்கவைக்கிறது.

நாகரத்தினம்மாள் நூலைத் தேடிப் பிடித்தார். 1887-இல் அச்சான பதிப்பில் ஆசிரியரின் வரலாறு கூறும் பாயிரமும் சில செய்யுட்களும் விடுபட்டிருப்பதைக் கண்டார். கைப்பிரதியைத் தேடி எடுத்து ஒப்புநோக்கி, 1910-இல் முழு நூலையும் வாவிள்ள நிறுவனத்தார் வாயிலாக வெளியிட்டார். நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியதா, ஆண்கள் எழுதிய இதைவிடப் பச்சையான நூல்களைப் போற்றுவது எப்படி என்று முன்னுரையில் துணிந்து கேட்டார்.

விளைவு என்ன? 1911-இல் போலீசார் பிரதிகளைக் கைப்பற்றினர். நூலுக்குத் தடை வந்தது. 1868-இல் இங்கிலாந்தில் எழுந்த ஹிக்லின் வழக்கின் விதி அந்நாளில் இந்தியாவிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. எளிதில் கெடக்கூடிய மனத்தை ஒரு நூல் கெடுக்குமா என்பதே அவ்விதியின் அளவுகோல். அப்படி அளந்தால் நம் கோயிற் சிற்பங்களும் காவியங்களும் என்ன ஆகும்? புலவர் சிலர் அரசாங்கத்திடம் முறையிட்டும் பயனில்லை.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. தம் நகையையும் சொத்தையும் செலவிட்டுத் திருவையாற்றில் சமாதிக் கோயில் எழுப்பினார். 1921-இல் தொடங்கிய பணி 1925-இல் நிறைவேறியது. தாம் கட்டிய இடத்தில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுத்தபோது, பெண்களைக் கொண்டே தனி ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்ட பிறகு பெண்களும் அங்கே பாடினர்.

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது நாகரத்தினம்மாள் எதிர்த்தார். அதில் நான் அவர் பக்கம் இல்லை. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்மையே. ஆயினும் அந்தக் குலத்துப் பெண்களின் கலையையும் கல்வியையும் சேர்த்து இழிவுபடுத்தியவர்களை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது.

விடுதலையை ஒட்டிய நாட்களில், தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது தடை நீங்கியது. 1952-இல் புதிய பதிப்பு வந்தது. அவ்வாண்டு மே மாதம் அம்மையார் மறைந்தார். தியாகராசர் சமாதிக்கு எதிரே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது.

சட்டத்தின் பார்வை மெல்லவே மாறியது. 1964-இல் நம் உச்ச நீதிமன்றமும் ஹிக்லின் விதியையே தழுவியது. 2014-இல்தான் அதைக் கைவிட்டு, சமகாலச் சமுதாயத்தின் அளவுகோலைக் கொண்டு பார்க்கவேண்டும் என்று தீர்த்தது.

தோழர்களே, ஆபாசம் என்பதே இல்லை என்று நான் வாதாடவில்லை. பெண்ணைப் பண்டமாக்கிக் காசு பண்ணும் குப்பை அன்றும் இருந்தது, இன்றும் குவிகிறது. ஆனால் ஒரு நூலை ஆபாசம் என்று யாரேனும் சொல்லும்போது, இதையே ஓர் ஆண் எழுதியிருந்தால் இவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்போம். அந்த எண்ணத்தை நமக்குத் தந்தவர் நாகரத்தினம்மாள். அடுத்தமுறை திருவையாறு செல்பவர்கள் எதிரே இருக்கும் அந்த அம்மையாரையும் வணங்கிவிட்டு வாருங்கள்.