புகைக்கு உருவம் கொடுத்த மரே

ஊதுவத்திப் புகை முதலில் நூல் போல நேராக எழும். சற்று உயரத்தில் நெளிந்து, சுருண்டு, கலைந்துவிடும். பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் விளக்கை வைத்து, அந்த நெளிவுகளைப் படம்பிடிப்பதை இன்று பலரும் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கிறார்கள். 120 ஆண்டுகளுக்கு முன்பே புகையைப் படம்பிடித்துக் காட்டியவர் எத்தியேன் ஜூல் மரே.

பிரான்சின் போன் நகரில் 1830 மார்ச் 5ஆம் தேதி பிறந்தார் மரே. அவருக்குப் பொறியியல் படிக்க ஆசை. தந்தையோ மகன் மருத்துவராக வேண்டும் என்றார். தந்தை சொல்லைத் தட்டாமல் மருத்துவம் படித்தார். ஆனாலும் இயந்திர ஆசை அவரை விடவில்லை. பாரிசில், ஒரு காலத்தில் நாடக அரங்காக இருந்த கட்டடத்தில் குடியேறி, வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார்.

தோட்டத்து மக்களுக்கு நன்கு பழக்கமான புகையும் ரப்பரும் அவருடைய ஆய்வுக்குப் பெரிதும் கைகொடுத்தன. 1860இல் நாடித்துடிப்பை வரையும் கருவியைச் செய்தார். புகைக்கரி படியவைத்த காகிதத்தில் மெல்லிய முள் ஒன்று கீறிச் செல்லும். விரலால் மட்டுமே உணரப்பட்ட நாடி, கண்ணுக்குத் தெரியும் கோடாக மாறியது.

அடுத்து, குதிரையின் குளம்புகளில் ரப்பர் குமிழ்களைப் பொருத்தினார். குளம்பு தரையைத் தொடும்போது அழுந்தும் காற்று, ரப்பர் குழாய் வழியே சென்று முள்ளை அசைக்கும். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைத் தொடுவதில்லை என்பது இதில் தெரிந்தது. 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள் அதை உறுதிப்படுத்தின. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் பயிரிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஆய்வு இது.

1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவைச் செய்தார். விநாடிக்கு 12 படங்கள் எடுக்கும் அக்கருவியால் பறவைகள் பறப்பதைப் பதிவு செய்தார். சிறகு அசைவது தெரிந்தது. சிறகைத் தாங்கும் காற்றோ தெரியவில்லை.

அதைக் காண 69ஆம் வயதில், 1899இல், புகைப்பெட்டி செய்தார். கண்ணாடி முகப்பு, பின்னால் கறுப்பு வெல்வெட். மேலிருந்து மெல்லிய புகைக்கோடுகள் அருகருகே இறங்கும். கோடுகள் குலையாதிருக்க, உள்ளே வரும் காற்றைப் பட்டு வலை வழியாக அனுப்பினார். நடுவில் ஒரு பொருளை வைத்து, மக்னீசிய வெளிச்சத்தில் படமெடுத்தார். சாய்த்து வைத்த பலகைக்குப் பின்னால் புகை சுழித்துக் குழம்பியது படத்தில் பதிந்தது. கடைசியாகச் செய்த பெட்டியில் 57 புகைக்கோடுகள் இருந்தன.

ரைட் சகோதரர்களின் விமானம் பறந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தபோது, 1904 மே 15ஆம் தேதி மரே காலமானார். அறிவியலுக்காக அவர் எடுத்த புகைப்படங்கள், நூறாண்டுகள் கழித்துப் பாரிசின் ஒர்சே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வீட்டில் முயல்வோருக்கும் அவர் கையாண்ட முறையே போதும்: கறுப்புப் பின்னணி, பக்கவாட்டு வெளிச்சம், அசையாத காற்று. படம் எடுக்கும் நேரத்தில் காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். எடுத்து முடித்ததும் சன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிவிட வேண்டும்.