இருபத்தேழு வயது, மூன்று ஆல்பங்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1942 நவம்பர் 27இல் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். குப்பையில் கண்டெடுத்த ஒற்றைத் தந்தி யுகுலேலியில் இசை பழகினார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இசைக் குறியீடுகளைப் படிக்கவும் தெரியாது. இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரருக்கான கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார்.

இராணுவத்தில் சிறிது காலம் இருந்தபின், பிறர் குழுக்களில் பின்வரிசையில் நின்று வாசித்தார். 1966இல் சாஸ் சாண்ட்லர் என்பவர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் புகழ் பிறந்தது.

வாழ்ந்த காலத்தில் அவர் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே. நெடுநாள் இரசிகன் என்ற உரிமையில் அவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

மூன்றாமிடம் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' (1967). இனிமை மிக்கது, ஆயினும் ஒப்பந்தக் கெடுவுக்காக விரைந்து முடிக்கப்பட்டது.

இரண்டாமிடம் முதல் ஆல்பமான 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு' (1967). ஒலிபெருக்கியின் இரைச்சலையும் இசையாக்கிக் காட்டியது அது.

முதலிடம் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' (1968). இந்த இரட்டை இசைத்தட்டின் தயாரிப்புப் பொறுப்பையும் அவரே ஏற்றார். மனநிறைவு வரும்வரை ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவருடைய ஒரே ஆல்பமும் இதுவே. பிறர் பின்னால் நின்றவர் தம் கையால் தமக்கென ஆக்கியது என்பதாலேயே இதற்கு மகுடம் சூட்டுகிறேன்.

1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார். செப்டம்பர் 18இல் தூக்க மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டதால் இலண்டனில் மறைந்தார். வயது 27.

எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். வழிகாட்ட ஆளில்லாமலும் உயரலாம் என்று அவர் வாழ்வு எனக்குத் துணிவூட்டுகிறது. உயர்ந்தபின் உடலைக் காக்கவேண்டும் என்று அவர் சாவு எச்சரிக்கிறது. நண்பர்களே, இரண்டையும் நெஞ்சில் நிறுத்துவோம்!