பேறுகால வலிக்கு விடை தேடிய பேராசிரியர்

ஹோலிரூட், பெல்மோரல், டன்சினன், எடின்பரோ ஆகியவை நுவரெலியா மாவட்டத்தில் வாழ்வோருக்குத் தோட்டங்களின் பெயர்கள். ஸ்கொட்லாந்து மக்களுக்கோ இவற்றுள் முதலிரண்டும் அரண்மனைகள், மூன்றாவது ஒரு குன்று, நான்காவது அவர்களது தலைநகர். கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட வந்த ஸ்கொட்லாந்துத் துரைமார் தாம் பிறந்த மண்ணின் பெயர்களை இம்மலைகளுக்குச் சூட்டிச் சென்றனர். பெயர்கள் வந்து சேர்ந்த அளவுக்கு, அதே காலத்தில் அதே தலைநகரில் பிறந்த ஓர் அருஞ்செயலின் பயன் இம்மலைகளின் தாய்மாரை வந்தடைந்ததா என்பது இன்றும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

பிரசவத்தின்போது பெண் படும் வேதனையை மருந்தினால் தணிக்கலாம், தணிக்கவும் வேண்டும் என்று முதன்முதலில் மருத்துவ உலகை ஏற்கச் செய்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன்.

எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையேயுள்ள பாத்கேட் என்னும் சிற்றூரில் 1811ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானமோ குறைவு. சிறு வயதிலேயே தாயை இழந்த அக்கடைசிப் பிள்ளையின் அறிவுக்கூர்மையை உணர்ந்த மூத்த சகோதரர்கள், தமது உழைப்பின் ஒரு பகுதியை அவரது கல்விக்கென ஒதுக்கினர். அதன் பயனாக 14ஆவது வயதிலேயே அவர் பல்கலைக்கழகம் புகுந்தார்.

மாணவப் பருவத்தில் அவர் கண்ட ஒரு காட்சி அவரது வாழ்வின் திசையைத் தீர்மானித்தது. புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர்ட் லிஸ்டன், மலைநாட்டுப் பெண்ணொருத்தியின் மார்பகத்தை அறுத்து நீக்கினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பெண்ணைப் பிடித்து அமர்த்தி, அவள் கதறக் கதறக் கத்தி வைக்கப்பட்டது. அதைக் காணச் சகியாத சிம்ப்சன், மருத்துவக் கல்வியே வேண்டாமென நீதிமன்ற வளாகத்துக்குச் சென்று எழுதுவினைஞர் வேலை தேடினார். ஆயினும் மனம் தேறித் திரும்பினார். வலியைக் கண்டு ஓடுவதைவிட வலியை ஓட்டும் வழியைத் தேடுவதே மேல் என்ற முடிவுடன் வந்தார் எனலாம்.

1832ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1840இல் தமது 28ஆவது வயதில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டார். திருமணமாகாதவர் என்பது அவருக்கு எதிரான குறையாகக் கூறப்பட்டது. எனவே தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னதாக ஜெசி கிரின்ட்லேயைக் கரம்பிடித்தார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அப்பதவி அவருக்குக் கிடைத்தது.

1846ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தின் உதவியுடன் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டது. அச்செய்தி ஐரோப்பாவை எட்டிய ஒரு சில வாரங்களுக்குள், 1847 ஜனவரி 19ஆம் திகதி, இடுப்பெலும்பு குறுகிய ஒரு தாய்க்குப் பிரசவத்தின்போது ஈதர் கொடுத்தார் சிம்ப்சன். குழந்தை பிழைக்கவில்லை, தாய் பிழைத்தார். வலியை அகற்றிய பின்னரும் கருப்பை சுருங்கி விரியும் தன் வேலையைச் செய்கிறது என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

ஈதரின் நெடியும் எரிச்சலும் அவருக்கு உவப்பாக இல்லை. வேறொரு மருந்தைத் தேடி, இரவுணவுக்குப் பின் தமது வீட்டு மேசையைச் சுற்றி உதவியாளர்களுடன் அமர்ந்து பல்வேறு திரவங்களைத் தாமே முகர்ந்து சோதித்து வந்தார். லிவர்பூலில் பணியாற்றிய டேவிட் வால்டி என்ற இரசாயனவியலாளர் குளோரோபோமைச் சோதிக்குமாறு யோசனை கூறினார். இதே வால்டி பின்னர் கல்கத்தாவில் குடியேறி, அங்கு இரசாயனத் தொழிற்சாலை நிறுவி, அங்கேயே மறைந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1847 நவம்பர் 4ஆம் திகதி இரவு சிம்ப்சனும் உதவியாளர்களான கீத், டங்கன் ஆகியோரும் குளோரோபோமை முகர்ந்தனர். சிறிது நேரத்தில் மூவரும் மேசையின் கீழ் கிடந்தனர். பிறர் உடலில் செலுத்துமுன் தம் உடலில் சோதித்த அந்த நேர்மை நினைவுகூரத்தக்கது.

சில நாட்களில் மருத்துவர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவத்தின்போது அம்மருந்து கொடுக்கப்பட்டது. முன்னைய பிரசவத்தில் மூன்று நாட்கள் துடித்துக் குழந்தையையும் இழந்தவர் அவர். இம்முறை 25 நிமிடங்களில் குழந்தை பிறந்தது. கண்விழித்த தாயிடம் குழந்தையைக் காட்டியபோது, அது தமது குழந்தைதான் என்பதை நம்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. வேதனையுடன் பிள்ளை பெறுவது ஆதித்தாய் ஏவாளுக்கு இறைவன் விதித்தது என்று சிலர் ஆதியாகமத்தைச் சுட்டிக்காட்டினர். அதே நூலில், ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் இறைவன் அவனை ஆழ்ந்த துயிலில் ஆழ்த்தியதை எடுத்துக்காட்டி, 1847 டிசம்பரில் ஒரு சிறுநூல் மூலம் சிம்ப்சன் பதிலளித்தார்.

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர்கள் சூரா மர்யமை நினைவுகூர்வர். பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையால் துடித்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு ஆறுதலும், அருந்த நீரும், உண்ணக் கனிந்த பேரீச்சம்பழமும் அங்கு அருளப்படுகின்றன. ஆதித்தாயின் பாவத்துக்கான தண்டனையாகப் பிரசவ வலி அங்கு கூறப்படவில்லை. வலிநீக்கும் மருந்துகளைத் தமது மருத்துவ நூலில் வகைப்படுத்திய இப்னு சீனாவும் அம்மரபில் வந்தவரே.

உண்மையில் மதவாதிகளைவிட மருத்துவர்களின் எதிர்ப்பே வலுவாக இருந்தது. வலி இயற்கையானது, தாய்க்கு நன்மை பயப்பது என்று பிலடெல்பியா நகரப் பேராசிரியர் சார்ள்ஸ் மெய்க்ஸ் போன்றோர் வாதிட்டனர். ஆபத்து பற்றிய அச்சத்துக்கும் நியாயம் இருந்தது. 1848 ஜனவரியில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட ஹனா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி இங்கிலாந்தில் உயிரிழந்தாள். இம்மருந்தின் பாதுகாப்பைப் பற்றிய சர்ச்சை பல தசாப்தங்கள் நீடித்தது. அதனை ஆராய 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஹைதராபாத்தில் இரு குழுக்கள் இயங்கின. அவற்றுக்கு ஆதரவும் நிதியும் அளித்தவர் ஹைதராபாத் நிஸாம் ஆவார்.

வாதத்தை முடித்து வைத்தவர் ஒரு பெண். 1853 ஏப்ரல் 7ஆம் திகதி, தமது எட்டாவது பிள்ளையைப் பெற்றபோது விக்டோரியா மகாராணி குளோரோபோமைக் கேட்டுப் பெற்றார். டொக்டர் ஜோன் ஸ்னோ 53 நிமிடங்கள் கைக்குட்டையில் சிறிது சிறிதாகத் தெளித்து அதனை வழங்கினார். மருத்துவச் சஞ்சிகைகள் முணுமுணுத்தன. ஆனால் அரசியின் விருப்பத்தை மறுக்க யாரால் முடியும்? பெண்களே இதனை வற்புறுத்திக் கேட்பர், மருத்துவர்களால் மறுக்க முடியாத நாள் வரும் என்று சிம்ப்சன் முன்னரே கணித்திருந்தார். அக்கணிப்பு பலித்தது. ஆனால் கேட்கும் வலிமை உள்ளவர்களுக்கே பலித்தது.

சிம்ப்சன் முதன்முதலில் ஈதர் கொடுத்துச் சோதித்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் ஏற்பட்ட உள்ளுறுப்புக் கிழிசலைத் தைத்துச் சரிசெய்யும் முறையைக் கண்டறிய, அடிமைப் பெண்கள் மீது மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் கத்தி வைத்துக்கொண்டிருந்தார். அனார்கா என்ற பெண் மட்டும் சுமார் 30 முறை அவ்வாறு அறுக்கப்பட்டாள். நியூயோர்க்கில் நிறுவப்பட்டிருந்த அவரது சிலை 2018இல் அகற்றப்பட்டது. இலங்கையிலோ அந்த 1840களில், நமது முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்துகொண்டிருந்தனர். அந்நடைப்பயணத்தில் வயிற்றில் சுமையுடன் வந்த பெண்களின் வேதனையை எந்த வைத்திய ஏடும் பதிவு செய்யவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று சட்டம் வந்தது 1872இல்தான்.

மருந்து வந்தால் மட்டும் போதாது என்பதற்கும் 1867ஆம் ஆண்டே சாட்சி. இலண்டனில் ஐசாக் பேக்கர் பிரவுன் என்ற பிரபல மருத்துவர், மனநோய்க்கும் வலிப்புக்கும் சிகிச்சை என்ற பெயரில், குளோரோபோம் கொடுத்துப் பெண்களின் உறுப்பை அகற்றி வந்தார். சிகிச்சை இன்னதென்று அப்பெண்கள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகப்பேற்று மருத்துவர் சங்கம் அவரை அவ்வாண்டு வெளியேற்றியது. வலியைப் போக்கும் அதே மருந்து, கேள்வி கேட்கும் வாயை அடைக்கவும் பயன்படக்கூடும் என்பதை உலகம் அப்போது கண்டது. வலி நிவாரணமும் சம்மதமும் ஒன்றையொன்று பிரியாதிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் தேவையில்லை.

சிம்ப்சன் குறைகளற்றவர் அல்லர். கிருமிகளைக் கொல்லும் லிஸ்டரின் முறையை அவர் ஏற்க மறுத்தார். விவாதங்களில் கடுமை காட்டினார். ஆயினும் ஏழைகளிடம் கட்டணம் பெறாது வைத்தியம் செய்தார். பெண்கள் மருத்துவம் கற்பதை உலகம் ஏளனம் செய்த காலத்தில், 1854இல் எமிலி பிளக்வெல் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவரைத் தம்முடன் வைத்துப் பயிற்றுவித்தார். 1866இல் பிரபுப் பட்டம் பெற்ற அவர் 1870 மே 6ஆம் திகதி மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோதும், குடும்பத்தினர் எடின்பரோவில் அவரது பிள்ளைகளின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர். நகரமே திரண்டு வழியனுப்பியது.

அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வலி நிவாரணம் கேட்கும் தாய்க்கு அவளது விருப்பத்துக்கேற்ப அதனை வழங்கலாமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகள் கூறுகின்றன. கருப்பையினுள் பொருத்தும் சாதனத்தால் ஏற்படும் வலியைப் பற்றிப் பெண்ணுக்கு முன்னரே விளக்கி, அதனைத் தணிக்கும் வழிகளைக் கலந்துரையாட வேண்டுமென 2024இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. உலகம் மெல்லவேனும் நகர்கிறது.

நமது மலைகளின் நிலை என்ன? பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள். அப்பேச்சில் பரிவு உண்டு. ஆனால் வேதனை இயல்பானது, பொறுத்துக்கொள் என்ற கட்டளையும் அதில் ஒளிந்திருக்கிறது. பிரசவ அறையில் கதறும் தோட்டப் பெண் பொறுமையற்றவள் எனக் கடிந்துகொள்ளப்படுவதை நம்மில் பலர் வீட்டுப் பெண்களின் வாய்வழி கேட்டிருக்கிறோம். வலி குறைக்கும் ஊசி உண்டா என்று கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

எல்.ஆர்.டி. என்று தோட்டங்களில் வழங்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் வரலாறு இதைவிடக் கசப்பானது. 1980களில் அதற்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஏனைய பகுதிகளைவிடப் பெருந்தோட்டப் பகுதியில் நிரந்தரக் கருத்தடை அதிகமென அரசின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் காட்டியுள்ளன. தாமே விரும்பி அதனை ஏற்றுப் பயன்பெற்ற தாய்மார் பலர் உண்டு. அதனை மறுப்பது அவர்களது முடிவை அவமதிப்பதாகும். ஆனால் தற்காலிக முறைகள் பற்றிச் சொல்லப்படாமலும், தமக்கு விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையொப்பமிட்டும் அதற்கு உட்பட்டோர் உள்ளனரெனப் பெண்கள் அமைப்புகள் நீண்டகாலமாக முறையிட்டு வருகின்றன. விளங்காத மொழியில் பெறப்படும் கையொப்பம் சம்மதமாகாது. 2014இல் ஐக்கிய நாடுகளின் முகவர் நிலையங்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும் இதையே வலியுறுத்தியது.

முறையான சம்மதம் மருத்துவருக்கும் அரணாகும். 2019இல் குருணாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் மீது இரகசியக் கருத்தடைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு, அதனை நிரூபிக்க ஆதாரமில்லை எனப் புலனாய்வாளர்கள் நீதிமன்றில் அறிவிக்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. விளக்கமும் பதிவும் தெளிவாக இருக்குமிடத்தில் வதந்திக்கு இடமில்லை.

கோருவது பெரிதல்ல. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. எனவே மலையக வைத்தியசாலைகளின் சம்மதப் படிவங்கள் தமிழில் இருக்க வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். பிரசவத்துக்கும் மகளிர் நோய்ச் சிகிச்சைக்கும் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், எவ்வளவு வலிக்கும், எதனால் தணிக்கலாம், அதன் ஆபத்து என்ன, வேண்டாமென மறுத்தால் என்ன வழி என்பன முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் நாட்களில் குடும்பநல மாதர் இதனைத் தொடங்கலாம். சுகாதார அமைச்சும், பெருந்தோட்ட நிருவாகங்களும், தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அளிக்கும் கவனத்தில் ஒரு பங்கை இதற்கும் அளிக்கட்டும்.

விக்டோரியா மகாராணி 1853இல் கேட்டார், கிடைத்தது. எடின்பரோவின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும் என்ற நிலை வரும் நாளில்தான், பாத்கேட் ரொட்டிக்காரரின் மகன் தொடங்கிய பணி நிறைவு பெறும்.