அடிமைத்தளை அறுக்க அறிவொளி ஏற்றிய மகாத்மா ஜோதிராவ் புலே

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், ஒடுக்கப்பட்டோர்க்கு எழுத்தறிவித்த முன்னோடிகளை நினைவுகூர்தல் நம் கடனாகும். அவர்களுள் தலையாயவர் மகாத்மா ஜோதிராவ் புலே. கடல்கடந்த அமெரிக்காவில் கறுப்பின மக்களின் விலங்கு ஒடிந்த செய்தியை, இந்திய மண்ணில் ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கையாக மாற்றித் தந்த பெருமகனார் அவர்.

அவர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். பூனா நகரில் பூ விற்றும் தோட்டம் வளர்த்தும் வாழ்ந்த மாலி குலம் அவருடையது. தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். தோட்டக்காரர் மகனுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரார் கூற, தந்தை கோவிந்தராவ் அவரது படிப்பை இடையில் நிறுத்திவிட்டார். சிறுவனின் அறிவுக்கூர்மையை உணர்ந்த இசுலாமிய ஆசிரியர் ஒருவரும் கிறித்தவப் பெரியவர் ஒருவரும் தந்தையிடம் எடுத்துரைத்ததால், 1841இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்க்கப்பட்டார். நல்லோர் இருவர் ஒரு வீட்டுப்படி ஏறிப் பேசியதன் பயன் எத்துணைப் பெரிது என்பதை நம் சங்கத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவப் பருவத்தின் முடிவில் தாமஸ் பெயின் எழுதிய மனித உரிமை பற்றிய நூலைப் பயின்றார். 1848இல் உயர்சாதி நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் கலந்துகொண்டபோது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டார். அவ்வாண்டிலேயே அகமதுநகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சிந்தியா ஃபாரார் அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியைக் கண்டார். தாம் பட்ட இழிவுக்கு மருந்து கல்வியே எனத் தெளிந்து, பூனாவில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். துணைவியார் சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து, அவரையே ஆசிரியையாக்கினார். பள்ளி செல்லும் வழியில் அவ்வம்மையார்மீது சாணமும் சேறும் வீசப்பட்டன. அவரோ மாற்றுச் சேலை ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று, பணியைத் தொடர்ந்தார். 1849இல் தந்தையின் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோது, உஸ்மான் ஷேக், பாத்திமா ஷேக் ஆகியோர் அவ்விருவர்க்கும் புகலிடம் அளித்தனர்.

பின்னர் மகார், மாங்கு மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. அவர் பள்ளியில் பயின்ற மாங்குச் சிறுமி முக்தா, தம் இனத்தாரின் துயரை விளக்கி எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் அச்சேறியது. தலைமுறை தலைமுறையாகப் பேச இடமற்றிருந்த குலத்தின் மகள், சில ஆண்டுப் படிப்பைக் கொண்டே உலகை நோக்கிக் கேள்வி கேட்டாள். 1868இல் புலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் மூண்டது. போரின் முடிவில், 1865 டிசம்பரில், பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். இதனை உள்ளத்தில் கொண்ட புலே, 1873இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் மராத்தி நூலை, அடிமை ஒழிப்புக்காகத் தன்னலம் துறந்து உழைத்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். தம் நாட்டினரும் அவ்வழியைப் பின்பற்றிச் சூத்திர, அதிசூத்திர மக்களை மீட்க வேண்டும் என்பது அவர் வேட்கை. சாதியும் ஓர் அடிமைமுறையே என்பதை அந்நூல் உரையாடல் வடிவில் நிறுவியது. அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சத்திய சோதக் சமாஜத்தை நிறுவினார்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அளித்த அறிக்கையில், உழவர் தரும் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்கே செலவாவதைச் சுட்டிக்காட்டி, 12 வயது வரையிலேனும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கக் கோரினார். 1888இல் பூனா, பம்பாய் மக்கள் மகாத்மா எனப் பட்டம் சூட்டினர். அவ்வாண்டிலேயே பக்கவாதத்தால் வலக்கை செயலற்றது. அவர் ஓயவில்லை, இடக்கையால் தம் இறுதி நூலை எழுதினார். 1890 நவம்பர் 28ஆம் நாள் மறைந்தார். அண்ணல் அம்பேத்கர் அவரைத் தம் ஆசான்களுள் ஒருவராகப் போற்றி, 1946இல் வெளியிட்ட சூத்திரர் பற்றிய நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். அதே ஆண்டில் அண்ணல், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு மடல் எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது.

சட்டம் விலங்கை ஒடிக்கலாம். ஒடிந்த விலங்கைக் கழற்றி எறிய அறிவு வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வாக்குரிமைச் சட்டம் பெற 1965 வரை போராட வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1976லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆயினும் 1990களில் நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது, என் வகுப்பின் கடைசி வரிசையில் ஓர் இடம் திடீரென வெறுமையாயிற்று. தந்தை வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ள அச்சிறுவன் தறிக்கு அனுப்பப்பட்டிருந்தான். நான் இருமுறை அவ்வீட்டுக்குச் சென்றேன்; மூன்றாம் முறை செல்லவில்லை. அந்த மூன்றாம் முறை என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே இளைஞர்களே! புலேவின் படத்துக்கு மாலையிடுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை ஒன்றேனும் இருப்பின், அவ்வீட்டுப்படி ஏறுங்கள். மூன்றாம் முறையும் ஏறுங்கள். வெள்ளி விழாவின் உண்மையான பொலிவு அதுவே.