சாவை எதிர்பார்த்துப் போனவர் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்!

டாக்டர் லாரன்ஸின் வாழ்க்கை வரலாறு

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்சுலின் மருந்தையும் ஊசியையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எழும் முதல் கேள்வி என்ன? இனி எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதுதான்.

சென்னையில் அரிசிச் சோறு உண்பவருக்கும் இதே கேள்வி. ஜவ்வாது மலையில் சாமைச் சோறு உண்பவருக்கும் இதே கேள்வி. லண்டனில் ரொட்டி உண்பவருக்கும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்விக்கு எளிய கணக்கு ஒன்றைச் சொல்லித் தந்தவர் டாக்டர் லாரன்ஸ். அவர் வைத்தியர் மட்டும் அல்ல, அவரே நோயாளி. தம் உடம்பையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டு பாடம் படித்தவர்.

இளமைப் பருவம்

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் என்னும் நகரம் இருக்கிறது. அங்கே 1892-ம் ஆண்டு பிறந்தார் ராபர்ட் டேனியல் லாரன்ஸ். ராபின் என்று அவரை அழைப்பார்கள். தந்தை பிரஷ் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். குடும்பத்தில் வசதிக்குக் குறைவில்லை.

18 வயதில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்துப் பட்டம் பெற்றார். மாமா ஒருவரின் ஜவுளி வியாபாரத்தில் சில காலம் வேலை பார்த்தார். அதில் மனம் ஒட்டவில்லை. மீண்டும் படிக்கப் போனார். 1916-ல் டாக்டர் ஆனார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்த லாரன்ஸ், இந்தியாவின் எல்லைப்புறத்தில் பணியாற்றினார். வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டியது. 1919-ல் ஊர் திரும்பினார்.

கண்ணில் தெறித்த எலும்பு

லண்டனில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெரிய அறுவை வைத்தியராக வேண்டும் என்பது அவர் ஆசை.

1920-ம் ஆண்டு ஒரு நாள், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைச் செதுக்கும் அறுவையை ஓர் உயிரற்ற உடலில் பழகிக்கொண்டிருந்தார். எலும்புத் துணுக்கு ஒன்று தெறித்து வலது கண்ணில் விழுந்தது. கண் சீழ்பிடித்தது. அவரே நோயாளியாகப் படுக்கையில் சேர்ந்தார். அங்கே பரிசோதித்தபோதுதான் சிறுநீரில் சர்க்கரை இருப்பது தெரிந்தது!

அப்போது அவருக்கு வயது 28. கண்ணும் பாழாயிற்று, அறுவை வைத்தியர் ஆகும் கனவும் போயிற்று.

பட்டினியே மருந்து

அந்தக் காலத்தில் இந்த வகைச் சர்க்கரை நோய்க்கு மருந்தே கிடையாது. நம் வயிற்றில் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டு. அதில் சுரப்பதுதான் இன்சுலின். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து, குடலில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த வேண்டுமானால் இன்சுலின் வேண்டும். இன்சுலின் இல்லாவிட்டால் சர்க்கரை ரத்தத்தில் தேங்கும். எவ்வளவு தின்றாலும் உடம்பு உருகும்.

ஆகவே டாக்டர்கள் நோயாளியைப் பட்டினி போட்டார்கள். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்தினார்கள். அதனால் உயிர் சில காலம் தங்கியது. ஆனால் எலும்பும் தோலுமாகத்தான் தங்கியது.

லாரன்ஸும் அந்தப் பத்தியத்தில் இருந்தார். தம் வாழ்நாள் சில ஆண்டுகளே என்று அவருக்குத் தெரியும். வீட்டாரின் கண் முன்னே சாக அவர் விரும்பவில்லை. இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகருக்குப் போய், அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டு கடைசி நாளுக்காகக் காத்திருந்தார்.

வந்தது நல்ல செய்தி

இதற்கிடையே, கடல் கடந்த கனடா நாட்டில் ஓர் அதிசயம் நடந்தது. 1921-ல் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்து முதன்முதலாக ஏற்றப்பட்டது. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான்.

1923-ம் ஆண்டு மே மாதம். லாரன்ஸ் தளர்ந்து கிடந்தார். கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. அப்போது கிங்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய நண்பர் டாக்டர் ஹாரிசன் செய்தி அனுப்பினார். இன்சுலின் வந்துவிட்டது, பலன் தருகிறது, உடனே புறப்பட்டு வா என்பது செய்தி.

நடக்கவே தள்ளாடிய மனிதர் இத்தாலியிலிருந்து புறப்பட்டு, மே 28-ந் தேதி லண்டன் வந்து சேர்ந்தார். 31-ந் தேதி அவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. லாரன்ஸ் பிழைத்தார்!

புதிய சிக்கல்

ஊசி வந்ததோடு தொல்லை தீர்ந்துவிட்டதா? இல்லை, புதிய தொல்லை பிறந்தது.

சாப்பாடு அதிகமாகி இன்சுலின் குறைந்தால் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலின் அதிகமாகிச் சாப்பாடு குறைந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது. உடல் நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், தலை சுற்றும். கவனிக்காவிட்டால் நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து வரும். இரண்டையும் தராசின் இரண்டு தட்டுகளைப்போலச் சமமாக நிறுத்த வேண்டும்.

அன்று வீட்டில் ரத்தத்தைச் சோதிக்கும் கருவி இல்லை. சிறுநீரை ஒரு மருந்து நீரோடு சேர்த்துக் காய்ச்சி நிறம் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை; செங்கல் நிறமானால் மிகுதி. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துக் குத்திக்கொள்வார்கள். இப்படித்தான் லாரன்ஸும் தம்மைத் தாமே ஆராய்ந்தார்.

கருப்பும் சிவப்பும்

அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய பங்குக் கணக்கு. 10 கிராம் மாவுச்சத்து கொண்ட உணவு ஒரு கருப்புப் பங்கு. முட்டை, இறைச்சி போன்ற புரதமும் கொழுப்பும் கொண்டவை சிவப்புப் பங்கு. ஒரு வேளைக்கு இத்தனை கருப்பு, இத்தனை சிவப்பு என்று டாக்டர் குறித்துக் கொடுப்பார். ஒரு கருப்புப் பங்குக்குப் பதிலாக இன்னொன்றைத் தின்னலாம். எண்ணிக்கை மட்டும் மாறக்கூடாது. கணக்குப் படிக்காத குடும்பத்தலைவியும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

1925-ல் நோயாளிகளும் டாக்டர்களும் படிக்கும்படி நீரிழிவு வாழ்க்கை பற்றி ஒரு நூல் எழுதினார். பல பதிப்புகள் விற்றன. 1928-ல் திருமணம் செய்துகொண்டார். மூன்று ஆண் மக்கள் பிறந்தார்கள். 1934-ல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து நோயாளிகளுக்காக ஒரு சங்கம் கண்டார். வெல்ஸும் சர்க்கரை நோயாளியே! 1950-ல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் முதல் தலைவரானார்.

ரொட்டிக் கணக்கு சாமைக்கும் உண்டு

லாரன்ஸ் நிறுத்தது ரொட்டி. ஆனால் அந்தக் கணக்கு எல்லாத் தானியத்துக்கும் பொருந்தும்.

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அது மலைமக்களின் பழைய உணவு. சாமையில் நார்ச்சத்து உண்டு, நல்ல தானியம். ஆனால் சாமைக்குச் சர்க்கரை ஏறாது என்று நினைத்து இரண்டு தட்டு உண்பது தவறு. 100 கிராம் சாமை அரிசியில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தீட்டிய நெல்லரிசியில் சுமார் 78 கிராம். வேறுபாடு அவ்வளவுதான்! வடித்த அரிசிச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம். இட்லி ஒன்றில், பருமனைப் பொறுத்து, 10 முதல் 15 கிராம். மலைத்தேனும் சர்க்கரையே.

சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், தானியம் உண்டு பழகிய நம் மக்களுக்கு நார்ச்சத்து மிகுந்த தானிய உணவே ஏற்றது என்று எடுத்துக்காட்டினார். அளவுதான் முக்கியம்.

புதிதாக ஊசி போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

வீட்டில் ஒரே கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டு தினமும் அதே அளவு உண்ணுங்கள். எத்தனை கிண்ணத்துக்கு எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் கணக்கு மற்றவருக்கு ஆகாது.

சாப்பாட்டு வேளை ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. மலை ஏறினாலும், காட்டில் கடும் வேலை செய்தாலும் சர்க்கரை இறங்கும். மடியில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும். நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் வந்து சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படிப்பட்ட நாளில் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நிறைவு

லாரன்ஸ் 1968-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 75. முதல் ஊசி போட்டுக்கொண்டு 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாவதற்கு இடம் தேடிப் போன மனிதர், ஊசியின் துணையால் மட்டும் அத்தனை காலம் வாழவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டில் விழும் உணவை எண்ணிப் பார்த்து உண்டார். மருந்து பாதி, அளவு பாதி என்பதே அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.