மதனப்பள்ளிக் கிருஷ்ணமூர்த்தியும் ‘நான்’ என்னும் புதிரும்

நாள்தோறும் நாம் எத்தனை முறை ‘நான்’ என்கிறோம்! நான் வந்தேன், நான் உண்டேன், நான் தமிழன், நான் மாணவன் என்று ஓயாமல் சொல்கிறோம். அந்த ‘நான்’ எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் மார்பைத் தொட்டுக் காட்டுவோம். அதற்குமேல் கேட்டால் விழிப்போம். விலங்கியலில் முதுகலை பயிலும் நானும் அக்கேள்வியை நெடுநாள் பொருட்படுத்தியதில்லை. சென்ற ஆண்டு அது எங்கள் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றது. அப்போதுதான், நம் பக்கத்து ஊரில் பிறந்து அக்கேள்வியோடு தொண்ணூறு ஆண்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எடுத்துப் படித்தேன். அவர்தாம் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி.

சங்கத்து நண்பர்களுக்கு அவர் பெயர் புதிதன்று. அவரை ஞானியென வணங்குவோர் உண்டு. வசதி படைத்தோரின் தத்துவவாதி என ஒதுக்குவோரும் உண்டு. நான் இரு கட்சியிலும் சேர்ந்தவனல்லன். அறிவியல் மாணவன் ஒருவன் கண்ட அளவில் அவர் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன்.

திருப்பதியிலிருந்து பீலேர், வாயல்பாடு வழியாகச் செல்லும் பேருந்து மதனப்பள்ளியில் போய் நிற்கும். அவ்வூரில் 1895ஆம் ஆண்டு மே திங்களில் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். அந்நாளில் மதனப்பள்ளி கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இதனோடு இணைந்தது. தந்தை நாராயணையா வருவாய்த்துறை அலுவலர். தாய் சஞ்சீவம்மா. கண்ணனைப் போல எட்டாவதாகப் பிறந்த பிள்ளை என்பதால் கிருஷ்ணமூர்த்தி என்று பெயரிட்டார்கள். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

சிறுவயதிலேயே மலேரியாக் காய்ச்சல் அவரைப் பிடித்தது. ஆண்டுக்கணக்கில் விட்டு விட்டு வருத்தியது. பள்ளியில் அவர் மந்தமான பிள்ளை என்றே பெயரெடுத்தார். மேகத்தையும் எறும்பையும் பார்த்துக்கொண்டு மெய்ம்மறந்து நிற்பார், பாடம் ஏறாது, பிரம்படி விழும். பத்து வயதில், 1905இல், தாயை இழந்தார். அதன் பின்னும் வீட்டில் தாயின் உருவைக் கண்டதாகப் பதினெட்டாம் வயதில் எழுதி வைத்தார்.

ஓய்வு பெற்ற தந்தை 1909இல் குடும்பத்தோடு அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தார். அங்கே கடற்கரையில் விளையாடிய அந்த மெலிந்த சிறுவனைச் சபையின் தலைவர்களுள் ஒருவரான லெட்பீட்டர் கண்டார். உலகத்துக்கு வரவிருக்கும் குருநாதர் குடிகொள்ளப்போகும் உடல் இவனே என்றார். அன்னிபெசன்ட் அம்மையார் அதனை ஏற்றுக் கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பி நித்யானந்தனையும் தம் பிள்ளைகளைப் போல் வளர்க்கலானார். 1911இல் கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு உலக அமைப்பு ஒன்றே தோன்றிவிட்டது. பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி தந்தை வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் 1913இல் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பிரம்படி பட்ட பிள்ளை ஒருவனிடம், நீ மதனப்பள்ளி நாராயணையாவின் மகன் அல்லன், உலகத்தின் ஆசான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நீ யார் என்ற கதையைப் பிறரே எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். நம் ஒவ்வொருவருக்கும் வீடும் தெருவும் சாதியும் மொழியும் சிறிய அளவில் செய்வதும் அதுதானே? அவருக்கு அது மிகப் பெரிய அளவில் நடந்தது.

இங்கிலாந்தில் அவரை ஆங்கிலக் கனவானாக்க முயன்றார்கள். உடை பொருந்தியது, படிப்புப் பொருந்தவில்லை. லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். தேர்வில் தோற்ற நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்! அந்த ஆண்டுகளில் ஆங்கிலம் வந்தது, பிரெஞ்சு வந்தது, தெலுங்கு போய்விட்டது. தாய்மொழியில் பேச இயலாதவரானார்.

1922இல் தம்பியின் காசநோய்க்காகக் கலிபோர்னியாவில் ஓஹாய் என்ற ஊரில் தங்கினார்கள். ஆகஸ்டு திங்களில் அங்கே விந்தையான ஒன்று நிகழ்ந்தது. பிடரியிலும் முதுகந்தண்டிலும் தாங்கொணா வலி. காய்ச்சல் போன்ற நிலை. சாலையைச் செப்பனிடும் ஒரு கூலித் தொழிலாளியைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, அத்தொழிலாளியும் தாமே, அவன் கைக் குந்தாலியும் தாமே, உடைபடும் கல்லும் தாமே என்று உணர்ந்ததாக எழுதினார். பின்னும் பல நாள் அந்நிலை திரும்பத் திரும்ப வந்தது. அவ்வேளைகளில் கிருஷ்ணா வெளியே போயிருக்கிறான் என்று தம்மையே பிறனாக்கிப் பேசுவார். விட்டுச் சென்ற உடலோ சிறு குழந்தையைப் போல் அம்மாவை அழைக்கும்.

சபையார் இதைக் குண்டலினி என்றார்கள். அது எதுவாயினும், ‘நான்’ வேறு, உடல் வேறு என்று ஒரு மனிதர் உண்மையாகவே உணர முடியும் என்பது எனக்கு இன்று வியப்பாக இல்லை. ஏனெனில் அதில் ஒரு சிறு துண்டை நான் சித்தூரில் கண்ணால் கண்டேன்.

நாங்கள் குடியாத்தத்துக்காரர்கள். சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்தபோது எனக்கு வயது ஐந்து. அப்பாவின் தாயை ஆயா என்று அழைப்போம். தெலுங்குப் பள்ளியில் படித்த எனக்கு முறத்தில் அரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தாம். சென்ற ஆண்டு ஆவணியில் ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பாதியில் இரத்த ஓட்டம் தடைபட்டு, இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. செய்தி கேட்டு விடுதியிலிருந்து ஓடினேன். ஆயா என்னை அறிந்தார். என் தேர்வு எப்போது என்று கேட்டார். குடியாத்தத்துத் தெருவில் எவர் வீட்டுக்கு அடுத்து எவர் வீடு என்று பிழையின்றிச் சொன்னார். ஆனால் தம் இடக்கை மட்டும் தம்முடையதன்று என்றார். அது இறந்துபோன தம் அக்காளின் கையாம். அக்காள் வந்து பக்கத்தில் படுத்திருக்கிறாளாம்.

நான் விடவில்லை. தோளிலிருந்து விரல் வரை என் விரலால் கோடிழுத்துக் காட்டினேன். மோதிரத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டேன். தம்முடையதுதான், அக்காள் இரவல் வாங்கி அணிந்திருக்கிறாள் என்றார். என் குரல் உயர்ந்தது. ஆயா அழுதுவிட்டார். படித்த பேரன் கிழவியை அழவைத்ததுதான் அன்று என் விஞ்ஞானம் செய்த வேலை.

விடுதிக்குத் திரும்பியபின் நூல்களைப் புரட்டினேன். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி. எஸ். இராமச்சந்திரன் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்தவர். கண் காண்பது, தோல் தொடுவது, தசையும் மூட்டும் தெரிவிக்கும் நிலை, உட்காது சொல்லும் சமநிலை, இதயமும் குடலும் அனுப்பும் செய்தி, இவையெல்லாம் மூளைக்கு ஓயாது வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் பின்னி, இது என் உடல் என்ற உணர்வை மூளை நொடிதோறும் புதிதாகக் கட்டுகிறது. பின்னும் இடம் பழுதானால் கை இருக்கும், ‘என்’ போய்விடும். பிறகு மிஞ்சிய மூளை, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கதை புனைகிறது. ஆயா பொய் சொல்லவில்லை; அவருக்கு அதுவே மெய்.

நலமாய் உள்ளவரிடமும் இந்தப் பின்னலைக் குலைக்கலாம். 1998இல் போட்வினிக், கோஹன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையை நாங்கள் விடுதி அறையில் செய்து பார்த்தோம். என் கையை ஓர் அட்டைக்குப் பின் மறைத்துவிட்டு, பஞ்சடைத்த கையுறை ஒன்றை என் கண்முன் வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகத் தூரிகையால் வருடினார்கள். சில நிமிடங்களில் கையுறையிலேயே எனக்குத் தொடுவுணர்வு தோன்றியது! நண்பன் ஒருவன் அதை ஓங்கிக் குத்த வந்தபோது என் உண்மையான கையை வெடுக்கென இழுத்துக் கொண்டேன். 2002இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற மருத்துவரின் குழுவினர், வலிப்பு நோயுற்ற ஒரு பெண்ணின் வலப்பக்க மூளையில் ஓரிடத்தை மின்னோட்டத்தால் தூண்டியபோது, அவர் தாம் மேலே மிதந்து கட்டிலில் கிடக்கும் தம் உடலைக் காண்பதாகச் சொன்னார். மின்னோட்டம் நின்றது, மிதப்பும் நின்றது.

ஆக, ‘நான்’ என்பது ஒரு மாடி வீடு எனலாம். கீழ்த்தளம் உடலின் ‘நான்’. மேல்தளம் நினைவுகளால் எழுந்த கதையின் ‘நான்’. ஆயாவுக்கு மேல்தளம் அசையவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு சுவர் விழுந்தது. கிருஷ்ணமூர்த்தியோ மேல்தளத்தைத் தாமே இடித்தவர். அந்தக் கதைக்கு இனி வருகிறேன்.

1925 நவம்பரில் அவர் கப்பலில் இந்தியாவுக்கு வந்து கொண்டிருந்தார். சூயஸ் கால்வாய்ப் பகுதியில் தந்தி வந்தது. ஓஹாயில் நித்யானந்தன் இறந்துவிட்டான். குருமார்கள் தம்பியைக் காப்பார்கள் என்று அவர் முழுமையாக நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை அன்றே தகர்ந்தது. பகலில் தம்மை அடக்கிக்கொண்டார். இரவிலோ உறக்கத்தில் தம்பியின் பெயரைச் சொல்லி அரற்றினார். அப்போது சில வேளை வெளிப்பட்டது தெலுங்கு! விழித்திருக்கும்போது பேசத் தெரியாத தெலுங்கு. உடன் ஒரே அறையில் பயணம் செய்த நண்பர் இதனைப் பதிவு செய்திருக்கிறார்.

அவர் வரலாற்றில் இவ்விடத்தில்தான் நான் நூலை மூடிவைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 2014இல் வெளிவந்த மாண்ட்ரீல் ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. சீனாவில் பிறந்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போன சிறுமியர்க்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. எனினும் சீன மொழியின் ஒலியேற்ற இறக்கங்களைக் கேட்கச் செய்தபோது, அவர்கள் மூளை சீனம் பேசுவோர் மூளையைப் போலவே இயங்கியது. மறந்துவிட்டோம் என்று நாம் எண்ணுவது வேறு, மூளை துடைத்தெறிவது வேறு.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1929 ஆகஸ்டு 3ஆம் நாள், ஹாலந்து நாட்டு ஒம்மன் முகாமில், ஏறத்தாழ மூவாயிரம் அடியார்கள் முன்னே, தம்மைத் தலைவராகக் கொண்டிருந்த அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். உலக ஆசான் என்ற பட்டத்தையும் சேர்ந்திருந்த சொத்துக்களையும் துறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. பிறர் எழுதிக் கொடுத்த கதையைக் கிழித்தெறிய எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அதன்பின் ஐம்பத்தாறு ஆண்டுகள் ஊர் ஊராகப் பேசினார். சிந்திப்பவன் என்று தனியே ஒருவன் இல்லை. சிந்தனைகளும் நினைவுகளும் திரண்டே அவனைப் படைக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். மேடையில் ‘நான்’ என்பதைத் தவிர்த்துப் பேசுபவர் என்றே தம்மைக் குறிப்பார். இளமைக்கால நிகழ்ச்சிகள் அவருக்குப் பெரும்பாலும் நினைவில்லை. பிறர் சொல்லக் கேட்டே அறிந்துகொண்டார். இயற்பியலறிஞர் டேவிட் போமுடன் மூளையைப் பற்றி நெடிய உரையாடல்கள் நடத்தினார். பிறந்த மதனப்பள்ளிக்கு அருகிலேயே ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி எழுந்தது. அங்கு வந்து பிள்ளைகளோடு அமர்ந்து பேசினார். 1985 டிசம்பரில் கடைசியாக வந்தார். 1986 பிப்ரவரி 17ஆம் நாள், கணையப் புற்றுநோயால் ஓஹாயில் மறைந்தார்.

‘நான்’ அடியோடு ஒழிய முடியும் என்று அவர் கருதினார். இதில் மட்டும் நான் அவரோடு உடன்படத் தயங்குகிறேன். மேல்தளத்தை இடித்த பின்னும் கீழ்த்தளம் இருந்தது. அவர் நாள்தோறும் யோகாசனம் செய்தார், நெடுந்தூரம் நடந்தார், காலணிகளைப் பளபளக்கத் துடைத்தார். அதற்கும் கீழே, அடிவாரக் கல்லாக ஒரு தெலுங்கு கிடந்தது. துயரம் தோண்டியபோது தென்பட்டது.

தெலுங்கு வழியில் படித்த உனக்குத் தமிழ்ச் சங்கத்தில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி தவறன்று. எண்ணிக்கையை நான் தெலுங்கில்தான் போடுகிறேன். கனவும் பாதி தெலுங்கில்தான் வருகிறது. அதற்காக முன்பு உள்ளூர வெட்கினேன், அஞ்சினேன். இன்று அஞ்சவில்லை. மூளை தெலுங்கில் ஓர் அறை கட்டிக்கொண்டால் முறத்து அரிசியில் எழுதிய அகரம் அழிந்துவிடாது. ஆனால் அந்த அறைக்கு நடமாட்டம் வேண்டும். அதற்காகவே சங்கத்துக்கு வருகிறேன்.

ஆயாவிடம் அதன்பின் நான் வாதாடவில்லை. விடுமுறைதோறும் போய் அவர் வலக்கையைப் பிடித்து, அதைக்கொண்டே இடக்கைக்கு எண்ணெய் தேய்க்கச் செய்தேன். அக்காளின் கைக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று முதலில் கேட்டார்; பிறகு கேட்கவில்லை. பொங்கலுக்குப் போனபோது, ஒரு தம்ளரைப் பிடிக்கக்கூட வக்கில்லாத சோம்பேறிக் கை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம் அக்காளை ஆயா ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை.